உள்ளே எழுதிவைத்த பேர்

நீ இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மலையாளத்தில் எழுதியிருந்தால் சாயா ஆறுவதற்குள் முடித்துவிடுவாய். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம் இது. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்கள் எட்டிப் பார்த்தாலும் அவர்களுக்குப் புரியாது. நானும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இல்லை. மளிகைக் கணக்கு எழுதி எழுதியே தமிழ் பழகியவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சைட்ல நிக்கிறேம்மா, அப்புறம் விளிக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் ஆலுவாவுக்கு, நீ கட்டப்போகும் பெண்ணின் வீட்டுக்குப் போகிறோம். அன்று அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன வைட்டிலா வீடு நம்முடையது இல்லை, உன் முதலாளியின் மச்சினனிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிய வீடு என்று சொல்லப் போகிறோம். அப்பா ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லை, கார்ப்பரேஷனில் கானையில் இறங்கி சாக்கடைச் சேறு வாரிய தொழிலாளி என்று சொல்லப் போகிறோம். கல்யாணப் பத்திரிகையில் நீ போடச் சொல்லியிருக்கும் 'தெக்கேப்பறம்பில்' என்ற வீட்டுப்பேரும் நமக்கு இல்லை என்று சொல்லப் போகிறோம். கல்யாணம் நின்றுபோகலாம். அது தெரிந்துதான் போகிறோம். போகவேண்டும் என்று சொன்னது நான். அப்பா, "போவோம். ஆனா அவன்கிட்ட பறஞ்சிட்டுப் போவோம். அவனுக்குத் தெரியாம செஞ்சதா ஆகக்கூடாது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ எர்ணாகுளத்தில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர்களை இணைக்கிற பழைய நெட்வொர்க் பெட்டிகளை மாற்றினார்கள் என்று, அதிலிருந்து கழற்றிய மாட்யூல்களை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கடையில் வைத்துத் தரம் பிரிக்க இடம் இல்லை. விளக்கு ஏற்றி முடித்துவிட்டு நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பழைய வேட்டியை விரித்து அதன்மேல் கொட்டினோம். பெட்டியின் முகத்தில் வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் செருகுகிற சின்ன உலோகத் துண்டுகள். அந்தப் பக்கம் மின்சாரம், இந்தப் பக்கம் கண்ணாடி இழையில் ஓடுகிற வெளிச்சம். மின்சாரத்தை வெளிச்சமாக்கி அனுப்பும், வருகிற வெளிச்சத்தைத் திரும்ப மின்சாரமாக்கி உள்ளே கொடுக்கும். "ஒரு வாய், ஒரு காது, அவ்ளோதாம்மா" என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். பெரியதாக இருந்தது ஜிபிக். சின்னது எஸ்எஃப்பி. அப்பா கட்டிலில் படுத்தபடியே பார்த்துவிட்டு, "முன்னாடி தீப்பெட்டி கொண்டாந்தான், இப்பம் தீக்குச்சி கொண்டாரான். அடுத்த வருஷம் மருந்து மட்டும் கொண்டாருவான்" என்றார். எது உசத்தி என்று நான் கேட்டேன். "ரெண்டும் ஒரே வேகம்தாம்மா. சின்னதுன்னா ஒரு பெட்டியில ரெண்டு மடங்கு செருகலாம். எடம்தான் லாபம்" என்றாய். நம் கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸின் ஒற்றை அறையை நான் சுற்றிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு நீயே சிரித்தாய். "நம்மள மாதிரின்னு சொல்லப்போற, அல்லே?" என்றாய். நான் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

அன்று பிரித்து வைத்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பெரியது, சின்னது என்ற வித்தியாசம் கண்ணுக்குத்தான். வெளியில் அச்சாக ஒரே மாதிரி இருப்பவைதான் உள்ளே வேறு வேறு. பிடித்து இழுக்க முன்னால் இருக்கும் கொக்கியின் நிறம் மட்டும் சொல்லும். கறுப்புக் கொக்கி ஒரே கட்டடத்துக்குள் ஓடுவதற்கு. நீலம் ஊர் விட்டு ஊர் போக. பச்சை அதற்கும் அப்பால் ரொம்ப தூரத்துக்கு. கறுப்புக்கு ஆரஞ்சு இழை, மற்றதற்கு மஞ்சள் இழை, மாற்றிச் செருகினால் நடக்காது, இரண்டு முனையிலும் ஒரே இனம் இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாய். நான் அதை அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி பிரித்துப் போட்டேன். நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிபார்ப்பதையே நிறுத்திவிட்டாய்.

இடக்கொச்சியில் மீன் உறையவைக்கிற கம்பெனியில் நடந்தது அதற்கப்புறம். முற்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒரு கட்டடம். கிட்டத்துக்கான மாட்யூல் கையில் இல்லை. சக்தி கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று பச்சைக் கொக்கிகளை இரண்டு பக்கமும் செருகிவிட்டு வந்தாய். கொஞ்ச நேரம் ஓடிற்று. பிறகு ஒரு பக்கத்தின் காது செத்துப்போய்விட்டது. முதலாளியிடம் பேச்சு வாங்கி முகம் செத்து வந்து உட்கார்ந்தாய். "கூடுதல் வெளிச்சம் நல்லதுதானேடா" என்று நானும் விவரம் இல்லாமல் கேட்டேன். "தூரத்துக்குத்தாம்மா அது. பக்கத்துல இருக்கிறவன் மேல அத அடிச்சா அவன் கருகிப்போயிருவான். நடுவுல கொறைக்கிறதுக்கு ஒரு துண்டு போட்டிருக்கணும்" என்றாய். அதை நீ சொன்னபோது சைட் கதையாகத்தான் கேட்டேன். இப்போது அடிக்கடி நினைக்கிறேன். நீ தூரம் போகவேண்டும் என்றே நான் உன்னை வளர்த்தேன். அப்பா வேலையிலிருந்து வந்தால் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் உன்னைத் தொடவேண்டும் என்பது இந்த வீட்டின் சட்டம். அதைத் தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன், எலிக்காய்ச்சல் வந்து நம் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே ஆள் போயிருக்கிறது. ஆனால் நீ தினமும் ஜன்னலிலிருந்து அப்பாவைப் பார்த்தது அந்தக் குழாயடியில்தான். கிட்டே வருவதற்கு முன்னால் கழுவப்பட வேண்டிய ஆளாகத்தான் பார்த்தாய். உனக்குத் தூரத்தைக் காட்டக் காட்ட, பக்கத்தில் நின்றவர் கருகிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உன் பக்க நியாயத்தை நான் மறக்கவில்லை. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் "வீட்டுபேரு எந்தா?" என்று கேட்டிருக்கிறார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆளின் பேரைவிட வீட்டின் பேர்தான் முக்கியம். நமக்கோ அப்பா பேரின் முதல் எழுத்தை முன்னால் போட்டால் முடிந்தது. அப்பாவுக்கு, வீடு எங்கே என்று கேட்கிறார்கள் என்றுதான் பட்டது. "குவார்ட்டர்ஸ்" என்று சொல்லியிருக்கிறார். டீச்சரும் அதையே எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு வருகிறவரை உன் வீட்டுப்பேர் குவார்ட்டர்ஸ். கொஞ்சம் வளர்ந்ததும் பையன்களுக்கு அந்த வார்த்தையின் இன்னொரு அர்த்தம் தெரிந்துவிட்டது. "எடா குவார்ட்டரே, ஃபுல் எவிடெடா?" என்று கூப்பிட்டார்கள். உன் அப்பா சொட்டுச் சாராயம் தொடாதவர். நீ அழுதுகொண்டு வந்து, "நமக்கு ஏன் வீட்டுப்பேரு இல்ல?" என்று கேட்டாய். நான் சாமிக்கு வைத்த பழத்தை எடுத்துக் கொடுத்து வாயை அடைத்தேன்.

அதனால்தான் நீ ஒரிஜினல், வேறு கம்பெனி செய்த கம்பாட்டிபிள் என்று இரண்டு மாட்யூலை என் கையில் கொடுத்து வித்தியாசம் சொல்லச் சொன்ன அன்று எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே அளவு, ஒரே கொக்கி, ஒரே வெளிச்சம். கம்பாட்டிபிளைச் செருகினால் மட்டும் பெட்டி அந்த ஓட்டையையே மூடிவிடுகிறது. ஏனென்றால் மாட்யூலுக்குள் ஒரு பொட்டுச் சில்லு இருக்கிறது, அதில் செய்த கம்பெனியின் பேர் எழுதியிருக்கிறது, பெட்டி முதலில் அதைத்தான் படிக்கிறது. தன் கம்பெனியின் பேர் இல்லையென்றால் வெளிச்சம் எப்படி என்று பார்ப்பதே இல்லை. நீங்கள் அந்தச் சில்லில் பேரை மாற்றி எழுதிக் கொடுத்தீர்கள். அது பொய் இல்லையா என்று கேட்டேன். "பெட்டி கேக்கிற கேள்வியே தப்பும்மா. நல்லா வெளிச்சம் அடிப்பியான்னு கேக்கணும். அதவிட்டு ஒன் தறவாடு ஏது, எந்தக் குடும்பம்னு கேக்குது. தப்பான கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா பாவம் இல்ல" என்றாய். தறவாடு என்ற வார்த்தையை நீ சொன்ன விதத்தில், ஒன்றாம் வகுப்பு டீச்சர் இன்னும் உன் முன்னால் நிற்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் நீ சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. அடுத்து நீயே சொன்னதை இப்போது உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். வாங்குகிறவர்கள் ஏமாந்து போகமாட்டார்களா என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "கஸ்டமர்கிட்ட கம்பாட்டிபிள்னு சொல்லித்தாம்மா கொடுப்பேன். பில்லிலயும் அப்டித்தான் போடுவேன். மெஷின்கிட்டத்தான் மறைக்கிறோம், மனுஷன்கிட்ட இல்ல" என்றாய். உன்னைப் பெற்றதற்காக மனசுக்குள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்ட நாட்களில் அது ஒன்று. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னாய். பேரை மட்டும் மாற்றினால் போதாது, சில்லில் உள்ளதையெல்லாம் கூட்டிய தொகை ஒன்று கடைசியில் எழுதியிருக்கும், ஓர் எழுத்தை மாற்றினாலும் கூட்டல் ஒத்துவராது, பெட்டி கண்டுபிடித்துவிடும் என்றாய். கணக்கு எழுதுகிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு வரியைத் திருத்தினால் அடியில் இருக்கிற தொகை இடிக்கும். அதையும் திருத்தினால் அடுத்த பக்கம் இடிக்கும். நீ பத்திரிகை மாதிரியைக் கொண்டுவந்து தெக்கேப்பறம்பில் என்று காட்டியபோது அப்பா, "தெக்க ஏதுடா தோட்டம், நம்ம கானைதானடா இருக்கு. அதையா எம்பேர்ல எழுதி வெச்ச?" என்று கேட்டுவிட்டு இருமும்வரை சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "பேருதானேப்பா, என்ன போச்சு" என்றாய். பிறகு பேருக்கு ஏற்ற மாதிரி அப்பாவுக்கு ஒரு உத்தியோகம் வேண்டியிருந்தது. உத்தியோகத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வீடு வேண்டியிருந்தது. பெண் வீட்டார் வீடு காண வருகிற வழக்கம் இந்த ஊரில் உண்டு என்று உனக்கு முன்னாலேயே தெரியும்.

அன்று வைட்டிலாவில் நடந்ததில் நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. காலையில் நீ சுவரிலிருந்து அந்த வீட்டுக்காரர்களின் போட்டோவைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாய். போட்டோ இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அங்கே நம் அம்மன் படத்தை மாட்டச் சொன்னாய். நான் ஆணி பலமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆணி பலமாகத்தான் இருந்தது. படத்தைப் பையை விட்டு எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல மாதிரி. "சார் எவிடெயொக்கெ ஜோலி செய்திட்டுண்டு?" என்று அப்பா வேலை பார்த்த இடங்களை மரியாதையாகக் கேட்டார். அப்பா, "எல்லா எடத்துலயும் எறங்கியிருக்கேன்" என்றார். அவர் அதை மேற்பார்வைக்கு இறங்கியதாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். நீ தரையைப் பார்த்தாய். அப்புறம் அவரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடி காட்டப் போனாய்.

அந்த நேரத்தில் நான் அடுக்களையில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கதவைத் திறந்தால் பாத்திரம். இன்னொன்றைத் திறந்தால் மருந்து. பெண்ணின் அம்மா எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. மேல்தட்டில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து, "பஞ்சார தா, இவிடெ உண்டு சேச்சி" என்று வைத்தார். கொஞ்சம் கழித்து, "சேச்சிக்கு இந்த அடுக்கள பரிசயமில்ல, அல்லே?" என்றார். குரலில் குத்தல் இல்லை. "இல்ல" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி அவரே சாயா போட்டு, அவரே ஆற்றி, தம்ளர்களில் ஊற்றி, "சேச்சி கொண்டுபோய்க்கோ" என்று தட்டை என்னிடம் கொடுத்தார். நீ மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான் தட்டோடு நின்றேன். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று உன் முகம் சொல்லியது.

அதற்குப் பிறகும் அந்தம்மா எனக்குப் போன் செய்கிறார். அப்பாவின் இருமல் எப்படி என்று கேட்கிறார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மகளிடமோ கணவரிடமோ சொன்னாரா என்றும் தெரியவில்லை. நீ நினைப்பாய், அவர்களே கேட்காதபோது நமக்கென்ன என்று. எனக்கு அந்தக் கேட்காமலிருப்பதுதான் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. நம் பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வேலையை அந்தம்மாவுக்கும் கொடுத்துவிட்டோம். நாளைக்கு அந்தப் பெண் பிரசவத்துக்குப் பிறகு மாமியார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னால், எந்த வீட்டுக்குக் கூட்டிவருவாய்? அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த வீட்டிலிருந்து எடுப்பாய்? கணக்கு அங்கேதான் இடிக்கிறது. கோயிலில் உன் நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு மாதமும் அர்ச்சனைக்குக் கொடுக்கிறேன். பேரும் நட்சத்திரமும் மட்டும்தான் கேட்பார்கள், வீட்டுப்பேர் கேட்பதில்லை. இந்த மாதம் சீட்டு வாங்கப் போய், கவுண்டருக்கு முன்னால் நின்று, வரிசையில் இருந்தவர்களுக்கு வழிவிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கல்யாணம் நல்லபடி நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, நடக்கக்கூடாது என்றா என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் உன்னிடம் கேட்ட கேள்வி தப்புத்தான். டீச்சர் கேட்டது தப்பு, பையன்கள் கூப்பிட்டது தப்பு, பத்திரிகையில் வீட்டுப்பேர் இல்லாவிட்டால் மேலும் கீழும் பார்ப்பவர்களின் பார்வை தப்பு. அவர்களுக்குத் தெக்கேப்பறம்பில் என்று சொல்லிவிட்டுப் போ, எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பெண் பெட்டி இல்லை. அவள் உன்னிடம் தறவாடு கேட்டிருக்கமாட்டாள். சின்ன வயதில் எங்கே விளையாடினாய், உன் அப்பா உன்னை எங்கெல்லாம் கூட்டிப்போனார் என்று கேட்டிருப்பாள். அதற்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. எந்த மாட்யூல் என்று சொல்லித்தான் கொடுப்பேன் என்ற என் பிள்ளை, தன்னையே ஒருத்தியிடம் வேறு பேர் எழுதிக் கொடுக்கிறான் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் கடைசிவரை ஹெல்த் இன்ஸ்பெக்டராக உட்காரத் தயாராகத்தான் இருந்தார். "அவனுக்கு ஒரு நாளைக்குத்தானே" என்றார். நான்தான், ஒரு நாள் இல்லை, இனி சாகும்வரை என்றேன். அப்புறம்தான் போவோம் என்றார். அவர் மனசில் உன்மேல் கோபம் இருப்பதாக நினைக்காதே. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருக்காது.

அவள் போய்விட்டால் நீ என்னை மன்னிக்கமாட்டாய். அதையும் யோசித்துவிட்டேன். வேறு ஊருக்குப் போவாய், போன் இன்னும் குறையும், அப்பாவின் மூச்சும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கப்போவதில்லை. அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் நானே போய்ச் சொன்னால் அது காட்டிக்கொடுத்ததாக ஆகும். நீ சொன்னால்தான் அது நீ சொன்ன உண்மை. நீயும் வந்து சொல், அப்பாவும் நானும் பக்கத்தில் நிற்போம், அவ்வளவுதான் எங்களால் ஆகும். வெள்ளிக்கிழமை காலை மட்டாஞ்சேரி ஸ்டாண்டில் ஆலுவா பஸ்ஸுக்கு நிற்போம். உனக்காக முதல் பஸ்ஸை விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. சரி, ஒன்றை விடுவோம். அடுத்ததில் ஏறிவிடுவோம்.